கன்ஸாவின் கால்வாயில் ஒரு பகலும் ஓர் இரவும்

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அவ்வழைப்பைத் தம் வாழ்நாளுக்கான கட்டளையாகவே ஏற்றுக்கொண்டவர் போல வாழ்ந்தவர், தன்ஜா நகரத்து இப்னு பதூதா (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 725இல் (கி.பி. 1325) ஹஜ்ஜை நாடி வீட்டைவிட்டுப் புறப்பட்ட அந்த இளைஞர், ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்தே தாயகம் திரும்பினார். அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் எழுத்தர் ஹிஜ்ரி 756இல் (1355) எழுதி முடித்த பயண நூலே 'ரிஹ்லா' எனப் பெயர் பெற்றது.

அந்தப் பெருநூலில் ஒரு சிறு பகுதி. சீன நாட்டின் ஒரு மாநகரில், குர்தைய் என்னும் பேரமீர் இப்னு பதூதாவைத் தம் மாளிகையில் மூன்று நாட்கள் விருந்தினராக வைத்திருக்கிறார். விருந்துக்கென முஸ்லிம் சமையலாளர்களை வரவழைத்து, மார்க்க முறைப்படி அறுக்கச் செய்கிறார். இறைச்சியைத் தம் கையாலேயே துண்டுபோட்டு விருந்தினருக்கு வழங்குகிறார். பின்னர் தம் மகனைத் துணைக்கு அனுப்பி, நகரக் கால்வாயில் உலாவர ஏற்பாடு செய்கிறார். விருந்தினருக்கு ஒரு படகு, அமீரின் மகனுக்கு மற்றொரு படகு. அவருடைய படகில் பாடகரும் இசைவாணரும் இருந்தனர். அவர்கள் சீன மொழியில் பாடினார்கள், அரபியில் பாடினார்கள், பார்சியிலும் பாடினார்கள். அமீரின் மகனுக்குப் பார்சிப் பாட்டின்மீது மிகுந்த விருப்பம். ஒரு பாடலை மீண்டும் மீண்டும் பாடச் சொன்னார். கேட்டுக் கேட்டே அது தமக்கு மனனமாகிவிட்டது என்கிறார் இப்னு பதூதா. கால்வாய் முழுவதும் வண்ணப் பாய்களும் பட்டுக் குடைகளும் கொண்ட படகுகள் நிறைந்தன. படகிலிருந்தோர் ஒருவர்மீது ஒருவர் நாரத்தையும் எலுமிச்சையும் எறிந்து விளையாடினர். மாலையில் எல்லோரும் அமீரின் மாளிகைக்குத் திரும்பினர்.

அந்த உலாவுக்குரிய படகை இப்னு பதூதா 'ஹர்ராக்கா'வுக்கு ஒப்பிடுவது கவனத்துக்குரியது. எரித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல், தொடக்கத்தில் எதிரிக் கலங்கள்மீது தீ வீசும் போர்க்கப்பலைக் குறித்தது. காலப்போக்கில் நைல் நதியில் சுல்தான்களும் அமீர்களும் உலாவரும் அலங்காரப் படகுக்கும் அதுவே பெயராயிற்று. எகிப்தைக் கண்டிருந்த பயணி, சீனத்துப் படகுக்குத் தமக்குத் தெரிந்த சொல்லையே தேடி எடுத்திருக்கிறார்.

அந்நகருக்கு அவர் தரும் பெயர் கன்ஸா. அது இன்றைய ஹாங்சௌ. தென் சோங் மரபினர் 1138இல் இதைத் தம் இருப்பிடமாக்கியபோது, இழந்த வடபுலத் தலைநகரை என்றேனும் மீட்போம் என்ற நம்பிக்கையில், அரசரின் தற்காலிகத் தங்குமிடம் எனப் பொருள்படும் 'ஷிங்சாய்' என்ற பெயரால் வழங்கினர். அப்பெயரே அயல்நாட்டார் நாவில் திரிந்து மார்க்கோ போலோவிடம் 'குவின்சாய்' என்றும், அரபு, பார்சி நூல்களில் 'கன்ஸா', 'கன்ஸாய்' என்றும் ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நம் பயணிக்கோ அது வேறொன்றை நினைவூட்டியது. உடன்பிறந்தாருக்காகப் பாடிய இரங்கற்பாக்களால் அரபுலகில் அழியாப் புகழ்பெற்ற ஸஹாபிப் பெண்மணி கன்ஸா (ரலி) அவர்களின் பெயரும் இதுவே அல்லவா! இது அரபுச் சொல்தானா, அல்லது ஒலி மட்டும் ஒத்துப்போயிற்றா என்பது தமக்குத் தெரியாது என அவர் எழுதிவைத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

ஹாங்சௌ நீரால் வளர்ந்த நகரம். மேற்கே மேலை ஏரி. தெற்கே சியன்டாங் ஆறு. நகரின் உள்ளே ஊடும் பாவுமாகக் கால்வாய்கள். வடக்கே பெய்ஜிங் வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளும் பெருங்கால்வாய்க்குத் தென்முனை இதுவே. அதன் தென்பகுதி, சூய் மரபினர் காலத்தில் 610ஆம் ஆண்டு வெட்டப்பட்டது. நபிகளார் (ஸல்) அவர்களுக்கு வஹீ அருளப்பட்ட ஆண்டும் அதுவே என்பதை எண்ணும்போது, நம் வரலாற்றோடு அக்கால்வாயின் வயதை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. தெற்கின் நெல்லும் பட்டும் அதன் வழியாகவே வடக்கே சென்றன. 1276இல் நகரம் மங்கோலியரிடம் சரணடைந்தது. பிற தலைநகரங்களைப் போல அது அழிக்கப்படவில்லை. எனவேதான் பின்வந்த பயணியர் அதன் செழிப்பை நேரில் கண்டு வியந்தனர். மார்க்கோ போலோ 12,000 பாலங்கள் என்றார். பார்சி வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் 360 என்றார். எண்கள் முரண்படலாம், பாலங்களால் பிணைக்கப்பட்ட நீர்நகரம் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இத்தகைய நகரில் அரபியிலும் பார்சியிலும் பாடத் தெரிந்த பாடகர்கள் இருந்தது எங்ஙனம்? ரிஹ்லாவே விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. நகருக்கு வெளியே காழி அஃப்கருத்தீனும் ஷைகுல் இஸ்லாமும், உஸ்மான் பின் அஃப்பான் என்னும் எகிப்திய வணிகரின் வழித்தோன்றல்களும் வெண்கொடியோடும் முரசோடும் வந்து அவரை வரவேற்றனர். அவ்வணிகர் இந்நகரை விரும்பி இங்கேயே தங்கிவிட்டவர். மூன்றாம் கலீஃபாவின் பெயரைத் தாங்கியவர். அவர் பெயரால் 'உஸ்மானிய்யா' என்னும் தைக்காவும், நிறைந்த வக்ஃபுகளோடு ஒரு ஜாமிஆ மஸ்ஜிதும் இருந்தன. முஸ்லிம்களின் பகுதியில் கடைவீதிகள் இஸ்லாமிய நகரங்களின் வீதிகளைப் போலவே அமைந்திருந்தன. பாங்கொலி கேட்டது. அம்மக்களின் இல்லத்தில் பதினைந்து நாட்கள் தங்கியதாக இப்னு பதூதா கூறுகிறார்.

இதற்கு வெளிச் சான்றுகளும் உள்ளன. ஹாங்சௌவின் ஃபீனிக்ஸ் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. செங்கல்லால் எழுப்பிய மூன்று குவிமாடங்களின் கீழ் அதன் தொழுகைக்கூடம் அமைந்துள்ளது. மங்கோலியர் காலத்தில் அதனைக் கட்டியவர் அலாவுத்தீன் என்பார் எனச் சீன நூல்கள் குறிக்கின்றன. ரிஹ்லா கூறும் உஸ்மானின் பள்ளி இதுதான் எனத் துணிந்து கூற நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அப்பள்ளியில் பாதுகாக்கப்படும் பதினான்காம் நூற்றாண்டு மீஸான் கற்கள் பேசுகின்றன. அரபியும் பார்சியும் கலந்து பொறிக்கப்பட்ட சுமார் இருபது கற்கள் படிக்கப்பட்டு, அண்மைக் காலத்தில் நூலாகவும் வெளிவந்துள்ளன. அக்காலத்துச் சீன எழுத்தாளர் தாவ் சோங்யீ, 1366ஆம் ஆண்டளவில் தொகுத்த நூலில், அந்நகரத்துச் செல்வ முஸ்லிம்களின் மாளிகைகளைப் பற்றியும் அவர்களின் அடக்கத்தலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதுவும் பரிவோடு அல்ல. ஒரு திருமண வீட்டின் மாடி இடிந்து விழுந்ததைக் கேலி செய்யும் தொனியில்! நம்மைப் புகழ வேண்டிய தேவை சிறிதும் இல்லாத ஒருவரின் சாட்சியம் என்பதால் அதன் பெறுமதி கூடுகிறது.

இம்மக்கள் பெரும்பாலும் கடல்வழி வந்தோர். கடல்வழியின் வாயில், தெற்கே இருந்த ஜைத்தூன் துறைமுகம், இன்றைய குவான்சௌ. அங்குள்ள அஸ்ஹாப் பள்ளிவாசல் ஹிஜ்ரி 400இல் நிறுவப்பட்டு, ஹிஜ்ரி 710இல் ஷீராஸ் நகரத்தவர் ஒருவரால் புதுப்பிக்கப்பட்டதை அதன் அரபுக் கல்வெட்டு உரைக்கிறது. இந்தக் கடல்வழியில் நமது கரையும் ஓர் இடைத்தங்கலாக இருந்தது. குவான்சௌவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே ஒரு சிவன் கோயிலை எழுப்பிய தமிழ் வணிகரைப் பற்றியது. அதே தலைமுறையில் மஅபரிலிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து, குப்ளாய் கானின் அரசவையை அடைந்த முஸ்லிம் பெருமகன் ஒருவர் 1299இல் சீனத்தில் காலமாகி ஜைத்தூனில் அடக்கமானார். அவருடைய முன்னோர் உமானின் கல்ஹாத் துறையினர் எனச் சீன மொழி நினைவுரையிலிருந்து ஆய்வாளர்கள் அறிகின்றனர். உமானில் வேர், மஅபரில் வாழ்வு, சீனத்தில் கப்ரு. இப்னு பதூதாவும் சீனத்துக்குச் செல்வதற்கு முன் மஅபரில் தங்கியவரே. மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானி அவருக்கு மனைவி வழியில் உறவினர். ஆகவே கன்ஸாவின் கால்வாயில் ஒலித்த பாடலைக் கேட்க நாம் முற்றிலும் அந்நியராகச் செல்லவில்லை.

இங்கே ஒரு தடை எழுகிறது. எம் கல்லூரியில் இறுதி வகுப்பு மாணவர்களுக்கு இப்பகுதியைப் பாடமாக நடத்தியபோது ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், இவர் சீனாவுக்கே போகவில்லை என்று சிலர் எழுதுகிறார்களே! அப்படியானால் நாம் இதுவரை படித்ததெல்லாம் கற்பனையா?" என்று கேட்டார். உடனே மற்றொருவர், "காழியாக இருந்த ஒரு ஹாஜி பொய் சொல்வாரா?" என்று சினந்தார். இரு மாணவர்களும் நம் சமுதாயத்தின் இரு மனப்போக்குகளைத் தம்மையறியாமல் வெளிப்படுத்தினர். ஒன்று, ஐயம் எழுந்தவுடன் அனைத்தையும் உதறுவது. மற்றொன்று, பெருமைக்குரியவர் சொன்னார் என்பதாலேயே அனைத்தையும் ஏற்பது. இரண்டும் நம் முன்னோர் கற்றுத்தந்த வழி அல்ல.

ஐயங்கள் அடிப்படையற்றவை அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஜைத்தூனிலிருந்து கன்ஸாவுக்கு ஆற்று வழியாகவே வந்ததாக ரிஹ்லா கூறுகிறது. அவ்வாறு இடைவிடாத நீர்வழி அவ்விரு நகரங்களுக்கிடையே இல்லை. கன்ஸா ஆறு நகரங்களின் தொகுப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி மதில், அனைத்தையும் சூழ ஒரு பெருமதில் என்கிறது. ஆனால் மங்கோலியர் ஆட்சியில் மதில்கள் கைவிடப்பட்டுக் கிடந்து, 1359இல்தான் மீண்டும் எழுப்பப்பட்டன. வடக்கே கான்பாலிக்கில், அதாவது பெய்ஜிங்கில், பேரரசர் கொல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டதைக் கண்டதாகவும் வருகிறது. அப்போதைய பேரரசர் தோகோன் தெமூர் 1333 முதல் 1368 வரை சீனத்தை ஆண்டு, 1370இல்தான் இறந்தார். ஹிஜ்ரி 748 முஹர்ரமில் (1347) இப்னு பதூதா அரபுக் கரையின் ளஃபார் துறையை அடைந்துவிட்டார். அதற்குள் சீனம் முழுவதையும் சுற்றிவரக் காலம் போதாது. வடபுலப் பயணத்தைப் பல ஆய்வாளர்கள் ஏற்க மறுப்பதற்கு இவையே காரணங்கள்.

ஹதீஸ் கலையினர் அறிவிப்பாளரிடம் இரண்டைத் தேடினர். ஒன்று அதாலத் என்னும் நேர்மை. மற்றது ளப்து என்னும் நினைவுத் துல்லியம். நேர்மையாளரும் மறக்கலாம். மலபார்க் கடலில் கொள்ளையரிடம் அனைத்தையும் பறிகொடுத்தவர் இப்னு பதூதா; புகாராவில் தாம் எழுதிவைத்த குறிப்புகளும் அவ்வாறே தொலைந்தன என அவரே வருந்துகிறார். சீனத்தைப் பற்றி அவர் சொன்னது, பல ஆண்டுகள் கழித்து, ஃபாஸ் நகரில், பெரிதும் நினைவிலிருந்து. செவிவழி கேட்டவையும் கண்ணால் கண்டவையும் அந்நினைவில் கலந்திருக்க இடமுண்டு. எனவே கேட்க வேண்டிய வினா, "இவர் உண்மையாளரா, பொய்யரா?" என்பதன்று, "இந்த ஒரு செய்தி எத்தகையது?" என்பதே.

இவ்வழியை அவர் காலத்திலேயே ஒருவர் காட்டிவிட்டார். இப்னு பதூதா தாயகம் திரும்பி இந்திய சுல்தானைப் பற்றிச் சொன்ன செய்திகளை மக்கள் நம்பாமல் முணுமுணுத்ததை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் பதிவு செய்கிறார். அவரும் ஐயுற்றார். அமைச்சர் ஃபாரிஸ் பின் வத்ராரிடம் அதைச் சொன்னபோது, அமைச்சர் ஒரு கதையால் அவரைத் தடுத்தார். சிறையிலேயே பிறந்து வளர்ந்ததைப் போன்ற ஒரு சிறுவன். தந்தை ஆட்டை எவ்வளவு விவரித்தாலும், தான் கண்ட ஒரே விலங்கான எலியின் உருவிலேயே அதைக் கற்பனை செய்தான். நாம் காணாதது என்பதற்காக ஒன்றை மறுத்துவிடக் கூடாது என்பது கதையின் கருத்து. ஆயினும் இப்னு கல்தூன் அங்கேயே நிற்கவில்லை. கேட்ட செய்தியை அதனதன் இயல்பு என்னும் அடிப்படையில் வைத்து, நிகழக்கூடியதையும் நிகழ இயலாததையும் பிரித்தறிய வேண்டும் என்றார்.

இந்த அளவுகோலைக் கொண்டு கால்வாய்ப் பாடலை நிறுத்துப் பார்ப்போம். இப்னு பதூதா செவிவழி மனனம் செய்து ஒப்புவித்த பார்சி வரிகள் ரிஹ்லாவின் படிகளில் சிதைந்த வடிவில் காணப்படுகின்றன. பிற்கால அறிஞர்கள் அவற்றை ஷீராஸின் மகாகவி ஷைகு ஸஅதீ (ரஹ்) அவர்களின் கஸல் ஒன்றில் இனங்கண்டனர். ஸஅதீ மறைந்து அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் அவருடைய கஸல் சீனத்துக் கால்வாயில் ஒலித்திருக்குமா? ஜைத்தூன் பள்ளியைப் புதுப்பித்தவர் ஷீராஸ்காரர். அங்கே இப்னு பதூதா சந்தித்ததாகக் கூறும் ஷைகு புர்ஹானுத்தீன், ஷீராஸை அடுத்த காஸரூனைச் சேர்ந்தவர். அவருடைய பெயர் அப்பள்ளியின் 1350ஆம் ஆண்டளவிலான சீன மொழிக் கல்வெட்டிலும் இருக்கிறது. கன்ஸாவின் மீஸான் கற்களிலோ பார்சி பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆட்களும் மொழியும் வந்த வழியில் பாட்டும் வந்திருக்கும். இது நிகழக்கூடியதே.

ஆனால் நிகழக்கூடியதெல்லாம் நிகழ்ந்ததாகிவிடாது. இப்னு பதூதா ஷீராஸுக்கு இருமுறை சென்றவர். இரண்டாம் முறை, சீனத்திலிருந்து திரும்பிய பின் 1347இல். பாடலை அங்கே கேட்டுவிட்டுக் கன்ஸாவில் கேட்டதாகச் சொல்லியிருக்கலாமே என ஒருவர் வினவக்கூடும். நியாயமான வினாதான். விடையை நூலின் உள்ளேயே காண்கிறோம். ஷீராஸைப் பற்றிய பகுதியில் ஸஅதீயின் அடக்கத்தலத்தைத் தரிசித்ததை அவர் கூறுகிறார்; பார்சிக் கவிஞருள் அவர் தம் காலத்தில் தலைசிறந்தவர் எனப் போற்றுகிறார். அப்படிப்பட்டவர், கன்ஸாப் பாடலைச் சொல்லும்போது ஸஅதீயின் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. வாசகரை வியக்கவைக்க ஒரு காட்சியைப் புனைபவர், சீனத்திலும் ஸஅதீ பாடப்பட்டார் என்னும் பெருமையை எளிதில் கைவிடுவாரா? அவர் கொண்டுவந்தது, பெயரறியாத ஒரு பாட்டு. சிதைந்த சில சொற்கள். அதன் இசையின் இனிமை பற்றிய நினைவு. அவ்வளவே. தாம் சுமந்துவந்தது யாருடைய சொல் என்பதை அறியாமலே அவர் அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். தம்மினும் நன்கு விளங்கக்கூடியவரிடம் ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்கும் அறிவிப்பாளரைப் பற்றி நபிமொழி பேசுவதை மதரஸா மாணவர் அறிவர். நகரின் பெயர் அரபுதானா எனத் தமக்குத் தெரியாது என்ற அதே வாய்தான் இப்பாடலையும் சொன்னது. அந்தக் கால்வாயில் அப்படகு சென்றது என நாம் ஏற்பதற்கு இந்த அறியாமையே வலுவான சான்று.

அன்றைய நிகழ்ச்சி மாலையோடு முடியவில்லை. அதே இரவில் அமீரின் முற்றத்துக்கு வித்தைக்காரன் ஒருவன் வந்தான். நீண்ட வார்கள் கோத்த மரப்பந்தை மேலே எறிந்தான். அது கண்ணுக்கு மறைந்தது. கையில் எஞ்சிய வாரைப் பற்றி ஒரு சிறுவன் மேலேறி மறைந்தான். அழைத்தும் அவன் வராததால், வித்தைக்காரன் கத்தியோடு பின்னே ஏறினான். ஒரு கை விழுந்தது. ஒரு கால் விழுந்தது. பின் உடலும் தலையும் விழுந்தன. இறங்கிவந்தவன் உறுப்புகளை ஒன்றுசேர்த்துக் காலால் உதைக்க, சிறுவன் முழுமையாக எழுந்து நின்றான். இப்னு பதூதாவுக்கு நெஞ்சு படபடத்தது; மருந்து கொடுத்துத் தெளிவித்தனர். அருகில் அமர்ந்திருந்த காழி அஃப்கருத்தீன் அமைதியாகச் சொன்னார்: ஏறுதலும் நடக்கவில்லை, இறங்குதலும் நடக்கவில்லை, உறுப்பு எதுவும் வெட்டப்படவுமில்லை; எல்லாம் கண்கட்டு வித்தை.

அந்தக் காழியின் சொல்லை இப்னு பதூதா மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் கதை இன்னும் வியப்பாக இருந்திருக்கும். அவரோ தம் கண் ஏமாந்ததையும், ஏமாற்றத்தைச் சுட்டியவரின் கூற்றையும் சேர்த்தே நமக்கு அறிவித்துவிட்டார். பகலில் அவர் கேட்ட பாடல் உண்மை. இரவில் அவர் கண்ட வெட்டு பொய். இரண்டும் ஒரே நாளில், ஒரே மாளிகை விருந்தில், ஒரே மனிதர் வாயால் வந்தவை. அறிவிப்பாளர் ஒருவரே, செய்திகள் இரண்டு, தீர்ப்பும் இரண்டு. எம் மாணவர்களுக்கு நாம் சொன்ன விடையும் இதுவே. மதில்களின் எண்ணிக்கையையும் பேரரசரின் மரணத்தையும் நாம் கைவிடலாம். அதனால் கால்வாய்ப் பாட்டை இழக்க வேண்டியதில்லை. பாட்டை ஏற்கிறோம் என்பதற்காக மதில்களையும் சுமக்க வேண்டியதில்லை. இடிந்துவிடும் பெருமைகளின்மீது தன்மானத்தைக் கட்டுகிற சமுதாயம், ஒரு கல் பெயர்ந்தாலும் நடுங்கும். சோதித்துப் பெற்ற சிறிதளவு உண்மையைக் கையில் வைத்திருப்போர்க்கு அந்த நடுக்கம் இல்லை.

மேலை ஏரி 2011இலும் பெருங்கால்வாய் 2014இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. ஏரியில் துடுப்புப் படகை அமர்த்திக்கொண்டு உலாவருவோர் இன்றும் உண்டு. கால்வாய்களிலும் படகுகள் ஓடுகின்றன. அந்நகருக்குச் செல்லும் வாய்ப்பு நம் வாசகர் எவருக்கேனும் கிட்டுமாயின், படகிலிருந்து இறங்கிய பின் ஃபீனிக்ஸ் பள்ளிவாசலுக்கும் சென்று இரண்டு ரக்அத் தொழுது, அங்குள்ள மீஸான் கற்களின் முன் சற்று நிற்கட்டும். அக்கற்களின் அரபும் பார்சியும், ஒருநாள் அக்கால்வாயின் நீர்மேல் பாட்டாகவும் ஒலித்தவை. கேட்டவர் எல்லாவற்றையும் சரியாக நினைவில் வைக்கவில்லை. ஆயினும், கேட்டதைக் கேட்டவாறே ஒப்படைக்க முயன்றார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக. பிரித்தறியும் தெளிவை நமக்கும் தந்தருள்வானாக.